வீகன் ஆனதும் சோயாவை எங்கிருந்து தொடங்குவது: பால், டோஃபு, மீல்மேக்கர், தயிர்

இறைச்சி, முட்டை, பால் மூன்றையும் ஒரே வாரத்தில் நிறுத்தினேன். அந்த வாரமே காபியில் ஊற்றிய சோயா பால் திரிந்து மேலே மிதந்தது, சட்டியில் போட்ட டோஃபு (சோயா பாலைத் திரித்துச் செய்யும், பனீர் போன்ற கட்டி) அடியில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது, மீல்மேக்கரை வாயில் வைத்தால் நனைந்த அட்டையின் வாடை. சோயா எனக்கு ஒத்துவராது என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டேன். பல மாதம் சமைத்துப் பார்த்த பிறகுதான் கோளாறு சோயாவில் இல்லை, நான் அதைக் கையாண்ட விதத்தில் என்று புரிந்தது. சோயாவின் ஒவ்வொரு வடிவத்துக்கும் தண்ணீரோடும் சூட்டோடும் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு பிடிபட்டால் மீதி எல்லாம் சுலபம். நீங்கள் அந்த மாதங்களை வீணாக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. முதல் வாரம் மூன்றே மூன்று பொருள் வாங்குங்கள்

சர்க்கரை சேர்க்காத சோயா பால், கெட்டியான டோஃபு, மீல்மேக்கர் என்று பலரும் சொல்லும் சோயா சங்க்ஸ். இவை போதும்.

சோயா பர்கர், சோயா சாசேஜ், சோயா நகெட்ஸ் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். கெட்டது என்று சொல்லவில்லை, அவசரத்துக்கு நல்ல கைகொடுப்பு. ஆனால் அவைதான் இருப்பதிலேயே விலை அதிகம், உப்பும் அதிகம். அதைவிட முக்கியமாக, அவற்றைச் சாப்பிட்டால் மனது பழைய ருசியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும், முதல் வாரத்தில் அந்த ஒப்பீடுதான் ஆளைத் திரும்ப இழுக்கும். டோஃபுவை டோஃபுவாகவே பழகியவர்கள் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பது நான் பக்கத்திலிருந்து பார்த்தது.

டோஃபு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. சில்கன் டோஃபு, சாஃப்ட், ஃபர்ம், எக்ஸ்ட்ரா ஃபர்ம் என்று வகைகள் உண்டு. சில்கன் என்பது பிழிந்து நீர் வடிக்காமல் அப்படியே உறையவைத்தது, கட்டித்தயிர் போல இருக்கும், அதை வறுக்கவே முடியாது. நான் முதலில் வாங்கியது அதைத்தான். வறுப்பதற்கும் குழம்பில் போடுவதற்கும் ஃபர்ம் அல்லது எக்ஸ்ட்ரா ஃபர்ம், அரைத்து க்ரீம் ஆக்குவதற்கு சில்கன்.

2. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கத்தில் பெரிதாக சோயா என்று எழுதியிருந்தால் அது வீகன் என்று நம்பிவிடாதீர்கள். நான் இரண்டு மாதம் ஒரு சோயா சீஸை ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் தற்செயலாகப் பின்னால் படித்தால் கேசீன் என்று இருக்கிறது. கேசீன் பாலின் புரதம், சீஸ் சூட்டில் உருகி இழுபட வேண்டும் என்பதற்காகச் சேர்ப்பார்கள்.

பாலோ முட்டையோ இருப்பதைக் காட்டும், பார்க்கவேண்டிய சொற்கள் இவை: கேசீன், சோடியம் கேசினேட், வே பவுடர், லாக்டோஸ், மில்க் சாலிட்ஸ், எக் ஒயிட், ஆல்புமின். இறைச்சி மாதிரி செய்யப்படும் சோயா பொருள்களில் துண்டுகள் ஒட்டிப்பிடிக்க முட்டையின் வெள்ளைக்கரு சேர்ப்பது வழக்கம். அவை சைவம் என்று எண்ணி வாங்குபவர்களுக்கும் அதே சிக்கல்தான். மசாலா பாக்கெட்டோடு வரும் சோயா சங்க்ஸில் அந்தக் குட்டி மசாலா பாக்கெட்டில் பால் பவுடர் ஒளிந்திருக்கலாம். காபிக்குப் போடும் 'நான்-டெய்ரி' பொடிகளிலும் சோடியம் கேசினேட் இருப்பதுண்டு, பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

சோயா பாலில் சேர்க்கும் வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் மெழுகிலிருந்து எடுக்கப்படுவது. டி2 என்று இருந்தால் கவலை இல்லை. டி3 என்றால் அது லைக்கனிலிருந்து (பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து வாழும் உயிர்) வந்ததா என்று பாருங்கள். அப்புறம், 'பால் இருக்கக்கூடும்' என்ற வரி ஒவ்வாமை உள்ளவர்களுக்கான எச்சரிக்கை. அதே இயந்திரத்தில் வேறு பொருளும் தயாராகிறது என்று அர்த்தம், பால் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. அதை வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு.

சோயா பாலுக்கு மட்டும் இன்னொரு பார்வை தேவை. 100 மில்லியில் புரதம் 3 கிராமுக்குக் குறையக் கூடாது, குறைந்தால் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள். கால்சியம் 120 மில்லிகிராம் அளவில் இருக்கட்டும், மாட்டுப்பாலில் இருப்பது ஏறக்குறைய அந்த அளவு. வெறும் சோயாவையும் தண்ணீரையும் மட்டும் கொண்ட பாலில் இது இருக்காது, சேர்த்தால்தான் உண்டு. சேர்த்த கால்சியம் அடியில் தங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் பாக்கெட்டை நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். குலுக்காமல் குடித்தால் கால்சியம் பாக்கெட்டோடு குப்பைக்குப் போகிறது.

3. காபியில் திரியாமல் சோயா பால் ஊற்றுவது

காபிக்குக் கொஞ்சம் புளிப்புத்தன்மை உண்டு. சோயாப் புரதம் புளிப்பும் சூடும் ஒன்றாகச் சேர்ந்தால் திரண்டுவிடும், டோஃபு செய்வதே அந்தக் குணத்தை வைத்துத்தான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த பாலைக் கொதிக்கும் காபியில் ஊற்றும்போது உங்கள் டம்ளரில் நடப்பது அரைகுறை டோஃபு.

செய்யவேண்டியது சுலபம். காபியை இறக்கி இரண்டு நிமிடம் விடுங்கள். பாலைத் தனியாக வெதுவெதுப்பாக்குங்கள், கொதிக்கவேண்டாம். பாலை முதலில் டம்ளரில் ஊற்றி அதன்மேல் காபியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். லேசாக வறுத்த கொட்டையில் புளிப்பு அதிகம், கருக்க வறுத்த கொட்டையில் குறைவு. பரிஸ்டா என்று எழுதிய சோயா பாலில் இதற்கென்றே புளிப்பைத் தாங்கும் உப்பு சேர்த்திருப்பார்கள், காபி பிரியர்களுக்கு அந்தக் கூடுதல் விலை தகும். டீயில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. எலுமிச்சை, இஞ்சி சேர்த்த டீ என்றால் மட்டும் கவனம்.

4. வீட்டிலேயே சோயா பால் எடுக்க

கட்டாயம் இல்லை, ஆனால் செலவு பல மடங்கு குறையும். 100 கிராம் சோயா பீன்ஸுக்கு 1 லிட்டர் வரை பால் கிடைக்கும்.

பீன்ஸை 8 முதல் 10 மணி நேரம் ஊறவையுங்கள், குளிர்காலத்தில் 12. ஒன்றை எடுத்து இரண்டாகப் பிளந்து பாருங்கள்: உள்பக்கம் நடுவில் குழியில்லாமல் தட்டையாக இருந்தால் ஊறிவிட்டது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பலரும் வெறுக்கும் அந்தப் பச்சை வாடை, பச்சைப் பீன்ஸைத் தண்ணீர் விட்டு அரைக்கும் நொடியில்தான் பிறக்கிறது, பீன்ஸில் உள்ள ஒரு நொதி எண்ணெயோடு வினைபுரிவதால். அரைப்பதற்கு முன் பீன்ஸைக் கொதிநீரில் 5 நிமிடம் போட்டு எடுத்து, சுடுநீர் விட்டே அரைத்தால் அந்த நொதி செத்துவிடும், வாடை பாதிக்கும் மேல் போய்விடும். மிக்ஸியில் சூடாக அரைக்கும்போது ஜாரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், ஆவி மூடியைத் தள்ளிவிடும். அரைத்ததைத் துணியில் பிழிந்து அடுப்பில் ஏற்றுங்கள்.

இங்கேதான் பெரிய பொறி. கொதிநிலை வருவதற்கு முன்பே, 80 டிகிரியை ஒட்டி, பால் நுரைத்து விறுவிறுவென்று விளிம்புக்கு ஏறும். பார்த்தால் கொதித்துவிட்டது போலவே இருக்கும், அடுப்பை அணைக்கத் தோன்றும். அது பொய்க் கொதி, நுரை மட்டும்தான். அடுப்பைக் குறைத்து, நுரையைக் கரண்டியால் ஓரம் தள்ளி, கிளறிக்கொண்டே இருங்கள். நுரை அடங்கி, அடியிலிருந்து குமிழி புரண்டு வருவதுதான் நிஜக் கொதி. அதிலிருந்து 15 நிமிடம் கொதிக்கவேண்டும். பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். பொய்க் கொதியில் இறக்கிக் குடித்துவிட்டு ஒரு பகல் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறேன், தயவுசெய்து இதில் அவசரப்படாதீர்கள். பாத்திரமும் பாலின் அளவைப்போல் இரண்டு மடங்கு கொள்வதாக இருக்கட்டும்.

வீட்டுப் பால் ஃபிரிட்ஜில் 3 நாள் தாங்கும். பிழிந்து மிஞ்சும் சக்கைக்கு ஒகாரா என்று பெயர். நார்ச்சத்து நிறைந்தது, கட்லெட்டில் சேர்க்கலாம், ஆனால் நன்றாக வேகவேண்டும். ஈரமாக இருப்பதால் சீக்கிரம் கெடும், அன்றே பயன்படுத்தாவிட்டால் ஃபிரீசரில் போடுங்கள்.

5. டோஃபு: முதலில் தண்ணீரை எடுங்கள்

டோஃபுவுக்கு ருசி இல்லை என்பவர்கள் பெரும்பாலும் தண்ணீர் நிறைந்த டோஃபுவுக்கு மசாலா தடவியவர்கள். உள்ளே ஏற்கெனவே தண்ணீர் இருக்கும்போது மசாலா எங்கே போகும்?

மூன்று வழிகள் உண்டு. துணியில் சுற்றி, மேலே கனமான பாத்திரம் வைத்து 20 முதல் 30 நிமிடம் விடுவது ஒன்று. பாரம் அதிகமானால் விரிசல் விடும், மெதுவாக ஏற்றுங்கள். நேரமில்லாத நாளில் துண்டு போட்டு, உப்புப் போட்ட கொதிநீரில் 15 நிமிடம் வைத்து எடுத்துத் துடைத்தால் போதும். தண்ணீரில் போட்டால் எப்படித் தண்ணீர் போகும் என்று எனக்கும் சந்தேகம் இருந்தது, ஆனால் மேற்பரப்பு இறுகி, உப்பும் பிடித்து, வறுக்கும்போது மொறுமொறுவென்று வருகிறது.

மூன்றாவதுதான் இறைச்சி மென்ற ஞாபகம் விடாதவர்களுக்கு நான் சொல்வது: பாக்கெட்டோடு ஃபிரீசரில் ஒரு இரவு. உறையும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி டோஃபுவைத் துளைத்துக்கொண்டு விரியும். வெளியே எடுத்தால் மஞ்சளாகிவிட்டிருக்கும், கெட்டுப்போனது என்று தூக்கி எறியாதீர்கள், உருகியதும் வெள்ளைக்குத் திரும்பும். முழுதாக உருகிய பிறகு இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் ஸ்பாஞ்சு மாதிரி தண்ணீர் கொட்டும், டோஃபு உடையாது. பிய்த்துப் பார்த்தால் அடுக்கடுக்காக நார் போல வரும். இப்போது சாறு எதை ஊற்றினாலும் உறிஞ்சிக்கொள்ளும்.

மசாலாவில் ஊறவைக்கும்போது எண்ணெய் சேர்க்காதீர்கள். ஈரமான டோஃபுவுக்குள் எண்ணெய் போகாது, மற்றதையும் தடுக்கும். சோயா சாஸ், பூண்டு, எலுமிச்சை என்று தண்ணீரில் கரைவதாக இருக்கட்டும், 30 நிமிடம் போதும். பிறகு சோளமாவைத் தூவிப் புரட்டி, சட்டி நன்றாகக் காய்ந்து எண்ணெயும் காய்ந்த பிறகு போட்டுவிட்டு, 4 நிமிடம் தொடவே தொடாதீர்கள். அடிப்பக்கம் வெந்து இறுகியதும் தானாக விட்டுக்கொடுக்கும். கரண்டியால் நோண்டினால்தான் பிய்யும்.

திறந்த டோஃபுவில் மிச்சம் இருந்தால் நல்ல தண்ணீரில் மூழ்கவைத்து, தண்ணீரைத் தினமும் மாற்றினால் 3 முதல் 5 நாள் இருக்கும். புளித்த வாடையோ வழுவழுப்போ வந்தால் எறிந்துவிடுங்கள்.

முட்டைப் பொரியலுக்கு ஏங்குபவர்கள் டோஃபுவைக் கையால் உதிர்த்து, மஞ்சள்தூளும் மிளகும் சேர்த்துப் புரட்டி, இறக்கும்போது ஒரு சிட்டிகை கறுப்பு உப்பு போடுங்கள். அந்த உப்பில் கந்தக வாடை இருப்பதால் முட்டை மணம் வந்துவிடும். இந்துப்பு வேறு, இது வேறு, மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

6. மீல்மேக்கர்: மூன்று முறை பிழியவேண்டும்

எண்ணெய் எடுத்த சோயா மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் பிதுக்கிச் செய்வது இது. காய்ந்த நிலையில் 100 கிராமில் 50 கிராமுக்குமேல் புரதம், கொழுப்போ அநேகமாக இல்லவே இல்லை. அந்த அட்டை வாடையும், மெல்லும்போது வறண்டு நிற்பதும் இந்த இரண்டு காரணத்தால்தான்.

உப்புப் போட்ட கொதிநீரில் 8 முதல் 10 நிமிடம், பொடியாக இருந்தால் 5 நிமிடம். வடித்துக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, கைப்பிடியாக அள்ளிப் பிழியுங்கள். முதல் பிழிவில் வரும் தண்ணீர் மஞ்சளாக, நுரையோடு இருக்கும், முகர்ந்து பார்த்தால் அந்த வாடை முழுக்க அதில்தான் இருக்கிறது என்று தெரியும். மறுபடி தண்ணீரில் போட்டு அலசிப் பிழியுங்கள், நிறம் வெளுக்கும். மூன்றாவது முறை கிட்டத்தட்டத் தெளிந்துவிடும். உருண்டை கையில் பஞ்சு மாதிரி லேசாக ஆகும்வரை பிழியவேண்டும், ஏனென்றால் உள்ளே மிஞ்சிய ஒவ்வொரு சொட்டும் மசாலாவின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பிழிந்ததும் காயவிடாமல் உடனே சுவையான சூடான சாற்றில் போடுங்கள். காளான் வேகவைத்த தண்ணீர், தக்காளி, சோயா சாஸ் மூன்றும் சேர்ந்தால் இறைச்சியில் நாம் தேடும் அந்த அடர்ந்த ருசி வந்துவிடுகிறது. 15 நிமிடம் கழித்து லேசாகப் பிழிந்து, இம்முறை தாராளமாக எண்ணெய் தடவி வறுங்கள். அதில் இல்லாத கொழுப்பை நாம்தான் கொடுக்கவேண்டும். எண்ணெய்க்குப் பயந்து செய்த மீல்மேக்கர் ருசித்து நான் பார்த்ததில்லை.

அளவில் ஏமாறாதீர்கள். ஊறினால் எடை மூன்று மடங்கு வரை ஆகும், ஒருவருக்கு 30 முதல் 40 கிராம் காய்ந்தது போதும். முதல் வாரத்தில் அதையும் பாதியாக்குங்கள், பழக்கமில்லாத வயிறு உப்பிக்கொள்ளும்.

7. டெம்பே கிடைத்தால் விடாதீர்கள்

இந்தோனேசியாவின் உணவு. வேகவைத்த முழு சோயாவில் ஒரு நல்ல பூஞ்சையை வளரவிட்டுக் கட்டியாக்குவது. 100 கிராமில் 19 கிராம் அளவுக்குப் புரதம், நாரும் அப்படியே இருக்கிறது, நொதித்ததால் பலருக்கு டோஃபுவைவிட எளிதாகச் செரிக்கிறது. லேசான கசப்பு பிடிக்காவிட்டால் 10 நிமிடம் ஆவியில் வைத்துவிட்டு வறுங்கள். வெள்ளைப் பூஞ்சைமேல் சாம்பல், கறுப்புப் புள்ளி இருந்தால் பயப்படவேண்டாம், அது முற்றியதன் அடையாளம். இளஞ்சிவப்பு, பச்சை, வழுவழுப்பு இருந்தால் வேண்டாம்.

8. தயிர், க்ரீம், மயோனைஸ், சீஸ்

தயிருக்குப் பீன்ஸும் தண்ணீரும் மட்டுமே உள்ள பால்தான் நன்றாக உறையும். அரை லிட்டர் பாலில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை கரையுங்கள். சோயா பாலில் லாக்டோஸ் இல்லை, தயிர்க் கிருமிக்குத் தின்ன ஏதாவது வேண்டும். 40 முதல் 43 டிகிரி சூட்டில், விரலை வைத்துப் பத்து எண்ணும்வரை தாங்கும் சூடு, உறை சேர்த்து அசைக்காமல் 8 மணி நேரம் வையுங்கள். பொறி உறையில் இருக்கிறது: மாட்டுப்பால் தயிரை உறைக்குப் போட்டால் தயிர் உறையும், வீகன் ஆகாது. உயிருள்ள கிருமி கொண்ட சோயா தயிர் ஒரு கப் வாங்கி, அதில் இரண்டு மேசைக்கரண்டியை உறையாக்குங்கள்.

மயோனைஸ் சோயா பாலின் உண்மையான வெற்றி. அறைச்சூட்டில் உள்ள 100 மில்லி பால், ஒரு தேக்கரண்டி கடுகு விழுது, உப்பு இவற்றை பிளெண்டரில் ஓட்டிக்கொண்டே 200 மில்லி மணமில்லாத எண்ணெயை நூலாக விடுங்கள், கெட்டியானதும் ஒரு மேசைக்கரண்டி வினிகர். வேறு தாவரப் பாலில் இது கூடுவது கடினம், சோயாவில் புரதமும் லெசித்தினும் இருப்பதால் எண்ணெயைப் பிடித்துக்கொள்கிறது.

க்ரீமுக்கு சில்கன் டோஃபுவை அரைத்து அடுப்பை அணைத்த பிறகு சூப்பில் கலக்குங்கள். கேக்கில் மோர் கேட்கும் இடத்தில் ஒரு கப் சோயா பாலில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, 10 நிமிடம்.

சீஸில் மட்டும் சோயாவிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். உதிர்த்த டோஃபுவில் எலுமிச்சை, உப்பு, கொஞ்சம் எண்ணெய் பிசைந்து ஒரு இரவு வைத்தால் உதிரியான புதுச் சீஸ் மாதிரி வரும், அது நன்றாகவே இருக்கிறது. உருகி இழுபடும் சீஸ் சோயாவில் சரிவராது. கடையில் வீகன் சீஸ் என்று வருவதில் பலதும் தேங்காய் எண்ணெயும் ஸ்டார்ச்சும்தான், புரதம் அநேகமாக இராது. ருசிக்கு வாங்குங்கள், சத்துக்கு என்று நினைக்காதீர்கள்.

9. செலவைப் புரதத்தால் கணக்கிடுங்கள்

பாக்கெட் எடையை வைத்து ஒப்பிட்டால் தப்புக் கணக்கு வரும். 200 கிராம் மீல்மேக்கர் ஊறி 600 கிராம் ஆகும், 200 கிராம் டோஃபு பிழிந்தால் குறையும். பின்பக்கத்தில் 100 கிராமுக்கு எவ்வளவு புரதம் என்று பார்த்து, பாக்கெட் முழுக்க எவ்வளவு என்று பெருக்கி, விலையை அதனால் வகுங்கள். எங்கே செய்தாலும் பெரும்பாலும் ஒரே வரிசைதான் வரும்: காய்ந்த பீன்ஸும் மீல்மேக்கரும் மிக மலிவு, அப்புறம் டோஃபு, அதற்குமேல் டெம்பே, உச்சியில் ரெடிமேட் பர்கரும் சாசேஜும்.

பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது பொதுவான அளவு. 60 கிலோ என்றால் 48. 40 கிராம் மீல்மேக்கரில் 20, 150 கிராம் கெட்டி டோஃபுவில் 20, ஒரு டம்ளர் (250 மில்லி) பாலில் 8, கணக்கு முடிந்தது. ஆனால் எல்லாவற்றையும் சோயாவிலேயே எடுக்கத் தேவையில்லை, மற்றப் பருப்பு பயறுகளுக்கும் இடம் விடுங்கள், அலுப்பும் தட்டாது.

10. உடம்பு விஷயத்தில் விட்டுவிடக்கூடாதவை

வைட்டமின் பி12 சோயாவில் இல்லை. பி12 சேர்க்கப்பட்ட சோயா பால் அல்லது மாத்திரை, இரண்டில் ஒன்று நிச்சயம் வேண்டும். டெம்பேயில் இருக்கிறது, மிசோ என்ற நொதித்த சோயா விழுதில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பி உட்காராதீர்கள், அந்த அளவை நம்ப முடியாது. குறைபாடு தெரியவே சில வருடம் ஆகலாம், தெரியும்போது நரம்பைத் தொட்டிருக்கும், அதனால் மாறுவதற்கு முன்பே ஒரு ரத்தப் பரிசோதனை செய்து அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து ஒப்பிட அது வேண்டும்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் மாத்திரையையும் சோயாவையும் ஒரே வேளையில் எடுக்கக்கூடாது, மருந்து உடம்பில் ஏறுவதை சோயா குறைக்கும். எத்தனை மணி இடைவெளி என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ ஃபார்முலாவுக்கோ பதிலாக சாதாரண சோயா பால் கொடுக்கவே கூடாது. சோயா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்தக் கட்டுரையில் எதுவும் உதவாது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் சோயா சாஸையும் கவனியுங்கள், பெரும்பாலானவற்றில் கோதுமை உண்டு.

ஆண்களுக்கு ஹார்மோன் குறையும் என்ற பயத்தை எல்லோரும் எழுப்புவார்கள். சோயாவில் இருக்கும் ஐசோஃபிளேவோன் ஈஸ்ட்ரோஜனைப் போன்ற அமைப்புள்ளது, ஆனால் அதே பொருள் இல்லை. ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவை அது மாற்றுவதில்லை என்றுதான் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சாதாரண உணவு அளவில் பயப்பட ஒன்றுமில்லை.

11. வாரத்தின் நேரக்கணக்கு

விடுமுறை நாளுக்கு முந்தைய இரவு பீன்ஸை ஊறப்போடுங்கள். காலையில் பால் எடுக்க ஒரு மணி நேரம், அதில் பாதியைத் தயிருக்கு உறை ஊற்றினால் மாலைக்குள் தயார். மீல்மேக்கரை மொத்தமாக வேகவைத்துப் பிழிந்து, வேளைக்கு ஒரு டப்பாவாக ஃபிரீசரில் போட்டுவிட்டால் வேலை நாளில் 15 நிமிடத்தில் சமையல் முடியும். டோஃபு இரண்டு பாக்கெட் வாங்கி ஒன்றை ஃபிரீசரில் வையுங்கள், சமைக்கிற நாளுக்கு முந்தைய இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடவேண்டும், அவசரத்தில் பாதி உருகியதைப் பிழிந்தால் நடுவில் பனிக்கட்டி நிற்கும், துண்டு உடையும். தயிரைச் சாப்பிட எடுக்கும் முன்பே அடுத்த உறைக்கு இரண்டு கரண்டியைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடுங்கள்.